அச்சில் பிறந்த இளவரசர்கள்

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு வட்டம். அடித்தளம் மங்கலான நீலம். அதன்மேல் பால்வெள்ளையில் ஒரு குழந்தையின் தலை, பக்கவாட்டில் திரும்பியபடி. உப்பிய கன்னம், இன்னும் முழுதாக எழும்பாத மூக்கு, நெற்றியோரம் படிந்த மெல்லிய சுருள்முடி. எங்கும் பளபளப்பே இல்லை. தொட்டால் சலவைக்கல்லைத் தொட்டதுபோல் குளுமையாக, லேசான சொரசொரப்போடு இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை, பிரான்சின் அரச குடும்பத்துக் குழந்தைகளையும் பேரரசர் வீட்டுக் குழந்தைகளையும் இப்படிப் பீங்கானில் உருவப் பதக்கங்களாகச் செய்தார்கள். பதக்கம் என்றாலும் கழுத்தில் அணிவதற்கல்ல. சுவரில் மாட்டலாம், மேசையில் வைக்கலாம், பெட்டியின் மூடியில் பதிக்கலாம்.

இதை முதன்முறை பார்க்கிற எவருக்கும் இரண்டு எண்ணங்கள் வரும். இவ்வளவு நுணுக்கமான வேலையை ஒரு சிற்பி சிற்றுளியால் செதுக்கியிருக்க வேண்டும் என்பது முதல் எண்ணம். ஆகவே உலகில் இது ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பது அதன் தொடர்ச்சி. இதே முகம், இதே சுருள்முடி, வேறு அருங்காட்சியகங்களிலும் ஏலக் கூடங்களிலும் இருக்கிறது என்று சொன்னால் முகம் வாடிவிடும். “அப்படியானால் இது நகல்தானா?” என்று கேட்பார்கள். ஏறக்குறைய எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணிலிருந்து தொடங்கி மெல்ல நடந்து பார்ப்போம்.

முதலில் மண். கயோலின் என்ற வெண்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய மூன்றையும் மாவாக அரைத்துச் சேர்த்துக் குழைத்து, ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸில் சுட்டால் அசல் பீங்கான் கிடைக்கும். சீனர்களுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த இந்த விஷயம் ஐரோப்பாவுக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. பிரான்சில் வான்சென் என்ற இடத்தில் 1740இல் தொடங்கிய பட்டறை, 1756இல் பாரிசுக்குப் பக்கத்திலுள்ள செவ்ர் ஊருக்கு இடம்பெயர்ந்தது. 1759இல் பதினைந்தாம் லூயி மன்னரே அதைத் தன் உடைமையாக்கிக்கொண்டார். அந்தப் பட்டறையில்கூட ஆரம்பத்தில் கயோலின் இல்லாத ஒரு மாற்றுக் கலவையைத்தான் வைத்துச் சமாளித்தார்கள். 1768இல் லிமோஜ் நகருக்கு அருகே சேன்-திரியே என்ற ஊரில் நல்ல கயோலின் கிடைத்த பிறகே கெட்டியான அசல் பீங்கான் செவ்ருக்குக் கைவந்தது.

அடுத்தது, ஏன் பளபளப்பு இல்லை என்பது. நாம் புழங்கும் கோப்பைகளுக்கெல்லாம் மேலே கண்ணாடிபோல் ஒரு மெருகுப் பூச்சு உண்டு. அது நீரைத் தடுக்கும், கழுவ வசதியாக இருக்கும். ஆனால் அது உருகி வழிகிற பூச்சு. சிற்பத்தின் மேல் ஊற்றினால் இமைக்கோட்டிலும் உதட்டோரத்திலும் தேங்கி, நுணுக்கங்களை மூடிவிடும். 1750களின் தொடக்கத்தில் இந்தப் பட்டறைக்காரர்கள் துணிந்து ஒரு முடிவெடுத்தார்கள்: சிற்பங்களுக்குப் பூச்சே வேண்டாம், சுட்ட மண்ணை வெறுமையாகவே விடுவோம். பூச்சில்லாத இந்தப் பீங்கானைத் தொழிலில் பிஸ்கட் என்பார்கள். மன்னரின் அன்புக்குரிய மதாம் த பொம்பதூர் இதை மிகவும் ரசித்தார். 1757 முதல் 1766 வரை சிற்பப் பிரிவைக் கவனித்த ஃபால்கோனே என்ற சிற்பி இதற்கு ஒரு மரியாதையையே உண்டாக்கினார். ஆக, பளபளப்பில்லாமல் விட்டது வேலையைப் பாதியில் நிறுத்தியதால் அல்ல. குழந்தையின் இமை இமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக யோசித்து எடுத்த முடிவு அது.

இப்போது முகம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். சிற்பி பீங்கானைத் தொடுவதே இல்லை. அவர் வேலை செய்வது மெழுகிலோ சாதாரணக் களிமண்ணிலோதான். அவர் செய்து முடித்த மாதிரியின் மேல் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால் அச்சு தயார். முகத்தில் மேடாக இருப்பதெல்லாம் அச்சில் பள்ளம். நம் வீட்டுக் கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொண்டால் போதும்: மாவு சரியான பதத்தில் இருக்க வேண்டும், மூலைமுடுக்கெல்லாம் போய் உட்காரும்படி விரலால் அழுத்த வேண்டும், பிறகு சிதையாமல் வெளியே வர வேண்டும். பீங்கான் களியையும் அப்படித்தான் அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். களி சற்றே உலர்ந்து, சுவரை விட்டு விலகி, தானாகவே கழன்று வரும்.

அச்சு என்று தெரிந்துவிட்டால் இன்னொரு விஷயமும் விளங்கிவிடும். இந்தக் குழந்தைகள் ஏன் பெரும்பாலும் நம்மை நேராகப் பார்ப்பதில்லை? நேர்முகத்தில் மூக்கு துருத்தி நிற்கும், காதுக்குப் பின்னால் குழிவு விழும். அப்படிக் குடைந்த இடங்களில் களி மாட்டிக்கொண்டு வெளியே வராது. பக்கவாட்டு முகத்தைத் தாழ்ந்த புடைப்பாகச் செய்தால் எல்லாச் சரிவுகளும் வெளிப்பக்கமாகவே இருக்கும். அச்சிலிருந்து சுத்தமாகக் கழன்றுவிடும். அதோடு, ரோமானியப் பேரரசர்களின் நாணயங்களில் தலை பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருக்கும். தொழிலுக்கு வசதியான கோணமும் அதிகாரத்துக்கு வேண்டிய கோணமும் ஒன்றாக அமைந்துவிட்டன. தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குச் சீசரின் கம்பீரம் வந்ததில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

நீலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் அது வண்ணம் பூசியது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் நீலம் மண்ணிலேயே இருக்கிறது. கோபால்ட் ஆக்சைடைக் களியில் கலந்து, தகடு முழுவதையும் நீல மண்ணால் செய்வார்கள். வெள்ளைத் தலையைத் தனி அச்சில் எடுத்து, களிக்கூழைப் பசையாகத் தடவி அதன்மேல் ஒட்டுவார்கள். இரண்டும் சேர்ந்து சூளையில் ஒன்றாகிவிடும். இங்கிலாந்தில் வெட்ஜ்வுட் என்ற மட்பாண்டத் தயாரிப்பாளர் 1770களில் கொண்டுவந்த நீல-வெள்ளைப் பாணி ஐரோப்பா முழுவதும் பிடித்துப்போனது. செவ்ர் தன் வழியில் அதற்குப் பதில் சொன்னது. ஓரத்தில் சில்லு பெயர்ந்த ஒரு துண்டைப் பார்த்தால் இது உடனே விளங்கும். உடைந்த இடத்திலும் நீலம் உள்ளே வரை போயிருக்கும்.

பிறகு சூளை. தீயின் புகையும் சாம்பலும் படாமல் இருக்க, ஒவ்வொரு பொருளையும் தீ தாங்கும் மண்பெட்டிக்குள் மூடிவைத்து அடுக்குவார்கள். அவ்வளவு வெப்பத்தில் மண்ணின் துகள்கள் உருகி நெருங்கி ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். அதனால் உருவம் சுருங்கும். கலவையைப் பொறுத்து, நீளத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு வரை குறையும். அச்சில் இருந்த முகத்தைவிடச் சூளையிலிருந்து வெளிவரும் முகம் சிறியது. ஆனால் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்குவதால் சாயல் மாறாது. இந்தச் சுருக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் நமக்கு உதவும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இவற்றில் எது அசல்? மெழுகு மாதிரியா? அது அச்சு எடுப்பதற்காகவே செய்யப்பட்டது. யாரும் அதைச் சுவரில் மாட்டுவதில்லை. பிளாஸ்டர் அச்சா? அது பலமுறை பயன்பட்டதும் ஓரங்கள் தேய்ந்துவிடும், பிறகு மூல மாதிரியிலிருந்து புதிய அச்சு எடுப்பார்கள். அப்படியானால் சூளையிலிருந்து வெளிவந்த முதல் பதக்கமா? அதற்கும் பத்தாவது பதக்கத்துக்கும் நல்ல அச்சில் வித்தியாசமே இருக்காது. தேடிக்கொண்டே போனால், ‘ஒரே ஒரு அசல்’ என்ற பொருள் எங்குமே இல்லை. பட்டறையில் முறைப்படி அச்சில் எடுத்துச் சுட்ட ஒவ்வொன்றும் அசல்தான். ஓர் ஓவியத்தை அளக்கிற கோலால் இதை அளப்பதால்தான் நமக்கு ஏமாற்றம் வருகிறது. பெருகுவதற்காகவே உண்டாக்கப்பட்ட பொருள் இது.

ஏன் பெருக வேண்டும்? பிரெஞ்சு அரியணையின் வரலாற்றில் பலரும் கவனிக்காத ஓர் உண்மை இருக்கிறது. 1643இல் பதின்மூன்றாம் லூயி இறந்து, அவர் மகன் பதினான்காம் லூயி பட்டத்துக்கு வந்தார். அதன் பிறகு பிரான்சில் தந்தையின் அரியணையில் மகன் நேரடியாக அமர்ந்து ஆண்டதே இல்லை. பதினைந்தாம் லூயி முந்தைய மன்னருக்குக் கொள்ளுப்பேரன், பதினாறாம் லூயி பேரன். புரட்சிக்குப் பிறகு அண்ணனுக்கு அடுத்துத் தம்பி வந்தார். வாரிசு கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. பதினாறாம் லூயியின் மூத்த மகன் 1781இல் பிறந்து 1789 ஜூன் 4 அன்று நோயில் இறந்தான். இரண்டாவது மகன் 1795இல் பாரிஸ் சிறையில் பத்து வயதில் இறந்தான். இப்படிப்பட்ட நாட்டில் ஓர் ஆண் குழந்தையின் முகம் என்பது “ஆட்சி தொடரும்” என்ற அறிவிப்பு. அறிவிப்பு ஒரே இடத்தில் இருந்து என்ன பயன்?

1811 மார்ச் 20 காலை. பாரிஸ் மக்கள் பீரங்கி ஒலியை எண்ணிக்கொண்டு நின்றார்கள். பெண் குழந்தை என்றால் 21 குண்டு, ஆண் என்றால் 101 என்று முன்பே அறிவித்திருந்தார்கள். 22ஆவது குண்டு வெடித்ததும் தெருவெங்கும் ஆரவாரம். பேரரசர் நெப்போலியனுக்கும் அவர் மனைவி மரி-லூயிசுக்கும் மகன் பிறந்துவிட்டான், பிறந்ததுமே அவனுக்கு ‘ரோம் மன்னன்’ என்று பட்டம். ஆனால் பீரங்கி ஒலி சில நிமிடங்களில் அடங்கிவிடும், பாரிசைத் தாண்டியும் கேட்காது. பதக்கம் போகும். ஆந்த்ரியூ என்ற பதக்கச் சிற்பி, ஒரு பக்கம் பெற்றோரின் இரு தலைகளும் மறுபக்கம் குழந்தையின் தலையுமாக உலோகப் பதக்கம் செய்தார். இப்படிப்பட்ட உலோகப் பதக்கங்களிலிருந்தே அச்சு எடுத்துப் பீங்கான் களியில் அழுத்துவதும் அக்கால வழக்கம். ரூய்ட்ஸ்கியேல் என்ற சிற்பி அந்தக் குழந்தைக்கு மார்பளவுச் சிலை செய்தார், செவ்ர் பட்டறை அதைப் பிஸ்கட்டில் எடுத்தது. படத்தின் சக்தியை நெப்போலியன் நன்றாக அறிந்தவர். 1812 செப்டம்பரில் ரஷ்ய மண்ணில் பொரதினோ போருக்கு முந்தைய நாள், ஓவியர் ஜெரார் தீட்டிய மகனின் ஓவியம் முகாமுக்கு வந்துசேர்ந்தது. அதைக் கூடாரத்துக்கு வெளியே வைத்துப் படைவீரர்களைப் பார்க்கச் செய்தார். ஓவியத்தை ஒரு முகாமுக்குத்தான் காட்ட முடியும். அச்சில் எடுத்த முகத்தை ஊர்தோறும் அனுப்பலாம்.

குழந்தை பிறந்த மூன்றாண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1814இல் பேரரசு விழுந்தது, மூன்று வயதுக் குழந்தையைத் தாய் வியன்னாவுக்கு அழைத்துப் போனார். பழைய அரச குடும்பம் திரும்பி வந்தது. அவர்களுக்கும் வாரிசுக் கவலை. 1820 பிப்ரவரி 13 இரவு, வாரிசு தருவார் என்று அந்தக் குடும்பம் நம்பியிருந்த பெரி கோமகனை, பாரிஸ் ஆப்பரா அரங்கின் வாசலில் ஒருவன் குத்தினான், மறுநாள் விடிகாலையில் அவர் இறந்தார். பரம்பரை அறுந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, அவர் மனைவி கருவுற்றிருப்பது தெரியவந்தது. செப்டம்பர் 29 அன்று ஆண் குழந்தை பிறந்தது. பின்னால் யாரும் சந்தேகம் கிளப்பக்கூடாது என்று, தொப்புள்கொடி அறுக்கும் முன்பே காவல் வீரர்களைச் சாட்சிக்கு அழைத்துக் காட்டினார் அந்தத் தாய். ‘அதிசயக் குழந்தை’ என்று கொண்டாடப்பட்ட, போர்தோ கோமகன் என்ற பட்டம் பெற்ற அந்தக் குழந்தையின் முகமும் உடனே அச்சுக்குப் போனது.

அப்போதும் செவ்ரின் இயக்குநர் 1811இல் இருந்த அதே மனிதர்தான். கனிமவியல் அறிஞரான அலெக்சாந்தர் பிரோஞியார் 1800இல் பொறுப்பேற்று 1847இல் இறக்கும்வரை அந்தப் பட்டறையை நடத்தினார். நெப்போலியன், பதினெட்டாம் லூயி, பத்தாம் சார்ல்ஸ், லூயி-ஃபிலிப் என்று நான்கு ஆட்சியாளர்களை அவர் பார்த்தார். சூளை அணையவில்லை. ரோம் மன்னனைச் செய்த ரூய்ட்ஸ்கியேலும் மறு ஆட்சியில் அரச குழந்தைகளின் சிற்பி என்ற பதவியைப் பெற்றார். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. மண்ணும் அச்சும் சூளையும் பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த அறிவு. ஆட்சி மாறுகிற ஒவ்வொரு முறையும் அதைக் கலைத்துவிட்டால் மறுபடி கட்ட முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் இன்னொரு வகையும் பரவியது: பீங்கான் முகத்தைக் கனமான கண்ணாடிக்குள் புதைப்பது. செவ்ரில் சிற்பியாக இருந்து பிறகு பாரிசில் சொந்தப் பட்டறை வைத்த தெப்ரே இதில் பேர் பெற்றவர். வெள்ளைக் களியில் செய்த சிறிய தலையைச் சூடாக்கி, உருகிய கண்ணாடியின் மேல் வைத்து, மேலும் கண்ணாடியால் மூடுவார்கள். மண்ணும் கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவு சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். சரியாக அமைந்தால் இரண்டுக்கும் நடுவே காற்றுப் படலம் மெலிதாக நின்று, முகம் வெள்ளிபோல் மின்னும். அது வெள்ளி அல்ல, வெறும் காற்று. ரோம் மன்னனும் போர்தோ கோமகனும் இப்படிக் கண்ணாடிக் குவளைகளுக்குள்ளும் தாள் அழுத்திகளுக்குள்ளும் இருக்கிறார்கள்.

பெருகிய முகத்துக்கு ஒரு தனி பலம் உண்டு: அதை முழுதாக அழிக்க முடியாது. 1815க்குப் பிறகு நெப்போலியன் குடும்பத்துச் சின்னங்களை அதிகாரிகள் தேடிப் பறிமுதல் செய்தார்கள், ஊர்ச் சதுக்கங்களில் போட்டுக் கொளுத்தினார்கள். ஆனாலும் வீடுகளில் ஒளித்துவைத்தவை தப்பின. நேர் எதிரான கதையும் உண்டு. பின்னாளில் பிரான்சின் பேரரசரான மூன்றாம் நெப்போலியனின் ஒரே மகன் 1856இல் பிறந்தான். ஒன்பது வயதில் அவன் தன் நாயுடன் நிற்பதைச் சிற்பி கார்ப்போ 1865இல் சலவைக்கல்லில் வடித்தார். அதைச் செவ்ர் பீங்கான் உட்படப் பல வடிவங்களில் பெருக்கினார்கள். 1870இல் இந்தப் பேரரசும் கவிழ்ந்தது. சிற்பத்தின் விற்பனை நிற்கவில்லை, ‘நாயுடன் சிறுவன்’ என்ற பெயரில் தொடர்ந்தது. பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குழந்தை, அவ்வளவுதான். எந்த ஆட்சிக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

இப்போது, ஒரு பதக்கம் நம் கைக்கு வந்தால் என்ன பார்க்க வேண்டும்? முதலில் பின்பக்கம். செவ்ர் முத்திரை ஆட்சிக்கு ஆட்சி மாறியது: பழைய மன்னராட்சியில் பின்னிப் பிணைந்த இரண்டு ‘எல்’ எழுத்துகள், பேரரசின் கடைசி ஆண்டுகளில் கழுகு, பதினெட்டாம் லூயி காலத்தில் மறுபடி இரண்டு ‘எல்’, பத்தாம் சார்ல்சுக்கு இரண்டு ‘சி’. ஆனால் பிஸ்கட் பொருட்களில் முத்திரை இல்லாமலும் இருக்கும். அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது அளவு. சூளையில் சுருங்கும் என்று பார்த்தோம் அல்லவா? பட்டறையின் மூல மாதிரியை விட்டுவிட்டு, யாரோ ஒருவர் விற்பனைக்கு வந்த பதக்கத்தின் மேலேயே பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தால், புதிய பதக்கம் இன்னொரு முறை சுருங்கும். 10 செ.மீ. அளவுள்ளது ஏறக்குறைய எட்டரை செ.மீ. ஆகிவிடும். இமைக்கோடு மழுங்கியிருக்கும், சுருள்முடி ஒன்றோடொன்று கூழாக ஒட்டியிருக்கும். ஆகவே “இது நகலா?” என்று கேட்பதைவிட, “இது எந்த அச்சிலிருந்து வந்தது?” என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஓர் அளவுகோலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். நேரில் பார்க்க விரும்புவோருக்கு, 1824இல் பிரோஞியார் தொடங்கிய பீங்கான் அருங்காட்சியகம் செவ்ரில் இன்றும் இருக்கிறது, பக்கத்திலேயே பட்டறையும் இயங்குகிறது. ஃபொன்தென்ப்ளோ அரண்மனையிலுள்ள நெப்போலியன் அருங்காட்சியகத்தில் ரோம் மன்னனின் நினைவுப் பொருட்கள் இருக்கின்றன.

அந்தக் குழந்தைகளில் யாரும் நாடாளவில்லை. ரோம் மன்னன் 1832இல், 21 வயதில், வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனையில் காசநோயில் இறந்தார். போர்தோ கோமகன் 1830இலேயே நாட்டைவிட்டு வெளியேறினார். 1873இல் அரியணை கைக்கு எட்டிய தூரத்தில் வந்தபோது புரட்சியின் மூவர்ணக் கொடியை ஏற்க மறுத்து அதை இழந்தார், 1883இல் ஆஸ்திரியாவில் இறந்தார். மூன்றாம் நெப்போலியனின் மகன் 1879இல் தென்னாப்பிரிக்காவில் ஜூலு போரில் 23 வயதில் கொல்லப்பட்டார். ஆட்சி தொடரும் என்று அறிவிக்கச் செய்த பதக்கங்கள் அரசியலாகத் தோற்றன, பொருளாக வென்றன. இனி எங்காவது அப்படி ஒரு வெள்ளை முகத்தைப் பார்த்து, ஒருவர் “இதுபோல் நிறைய இருக்கிறதே” என்று உதட்டைப் பிதுக்கினால், பொறுமையாகச் சொல்லுங்கள்: நிறைய இருக்க வேண்டும் என்றுதான் அதைச் செய்தார்கள்.